ஒரு கிலோ படிக்கல்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். தள்ளுவண்டி தெருமுனைக்கு வரும்போதே வீட்டில் என்னவெல்லாம் உடைந்திருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுவோம். உடையாததையும் கொஞ்சம் உடைத்து எடுத்துக்கொண்டு ஓடி, அப்புறம் முதுகில் வாங்கியவர்களும் நம்மில் உண்டு. இப்போது பேரீச்சம்பழம் போய்விட்டது. ரெக்கார்டு செய்த குரலோடு வண்டி வருகிறது, காசு கொடுக்கிறார்கள். ஆனால் அந்த வியாபாரம் நம் பேச்சில் அப்படியே தங்கிவிட்டது. ஓடாத ஸ்கூட்டரோ, ஓய்ந்துபோன மனிதரோ, "பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம்.

நான் படித்தது பி.காம். இதையே எங்களுக்குக் கொஞ்சம் கௌரவமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் கழிக்க வேண்டும். கழித்துக் கழித்துக் கடைசியில் ஒரு தொகை மிஞ்சும். அதற்குப் பெயர் ஸ்கிராப் வேல்யூ. அந்த மெஷினில் யார் வேலை பார்த்தார்கள், அதில் என்ன செய்தார்கள், யாருடைய விரல் போனது என்பதெல்லாம் அந்தத் தொகைக்குள் வராது. எடை, கிலோவுக்கு இவ்வளவு. கணக்கு முடிந்தது.

முடிந்துவிடுகிறதா என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

அம்பத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அண்ணன் இருக்கிறார். தொழிற்பேட்டையில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். நம்மைப் போல் டி.வி. முன்னால் உட்கார அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு, பத்துக்குப் பத்தில் ஓர் இடம் வைத்திருக்கிறார். அதில் ஒரு வைஸ், ஒரு கிரைண்டர், வீட்டு கரன்ட்டிலேயே ஓடுகிற சின்ன வெல்டிங் மெஷின். மாதம் ஒருமுறை புதுப்பேட்டைக்குப் போவார். போகும்போது வெறும் கோணிப்பை. வரும்போது அதைத் தூக்க என்னைக் கூப்பிடுவார்.

அந்தக் கோணியிலிருந்து என்னென்னவோ வந்திருக்கின்றன. ஸ்பார்க் பிளக்குகளில் ஓர் எறும்பு வரிசை. பைக் செயினில் சுருண்டு படுத்த பாம்பு. கத்தரிக்கோல் அலகும் ஸ்பேனர் கால்களுமாக ஒரு கொக்கு. எதையும் விற்பதில்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார், கேட்காதவர்களுக்கும் கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டு ஷூ ஸ்டாண்டு மேல் இருக்கிற பாம்பு இரண்டாவது வகை.

கொக்கைப் பார்த்துவிட்டு நான் ஒருநாள் சொன்னேன். "வெள்ளை பெயின்ட் அடிச்சிடுங்கண்ணே. நிஜக் கொக்கு மாதிரியே இருக்கும்."

"பெயின்ட் அடிச்சா கொக்கு மட்டும்தான் தம்பி தெரியும். ஸ்பேனர் தெரியாது. ரெண்டும் தெரியணும்."

துரு ஏறாமல் இருக்க நிறமில்லாத ஒரு பூச்சு மட்டும் பூசுவார். அதற்கு மேல் எதுவும் கிடையாது. அவரிடம் இன்னொரு விதியும் உண்டு. எந்த இரும்பையும் வெல்டிங் பண்ணுவதற்கு முன்னால் திருப்பிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து, அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜி.ஐ. பைப்பை அப்படியே பற்ற வைத்தால் மேலே இருக்கிற துத்தநாகம் புகையாக வரும். அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்ஜுரம் அடிக்கும். "உள்ள இருக்கிறது தெரியாம சூடு காட்டக்கூடாது தம்பி" என்பார். அப்போது அதை வெறும் வெல்டிங் பாடம் என்றுதான் நினைத்தேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

விழுப்புரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். 2019-ல் அவர் போனபோது கடைச் சாமான் என்று மிஞ்சியது ஒரு மரப்பெட்டி. உள்ளே தராசுத் தட்டுகள், தண்டு, அறுகோண வடிவத்தில் வார்ப்பு இரும்புப் படிக்கற்கள். சென்னைக்குக் கொண்டுவந்து பரணில் ஏற்றினோம். போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பெட்டி இறங்கியது. "காயலான் கடையில போட்டுடலாமே" என்றாள் என் மனைவி. எனக்கு மனசு வரவில்லை. அண்ணனிடம் கொடுத்தால் ஏதாவது செய்து தருவாரே, மேஜை மேல் அப்பா ஞாபகமாக இருக்குமே என்று தோன்றியது.

அண்ணன் ஒரு கிலோ கல்லை எடுத்தார். வழக்கம்போல் கவிழ்த்துப் பார்த்தார்.

படிக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். கவனித்திருக்கிறீர்களா? அதில் ஈயம் உருக்கி ஊற்றியிருப்பார்கள். வார்ப்பில் எடை கச்சிதமாக அமையாது, அதனால் ஈயத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுவார்கள். முத்திரை ஆய்வாளர் சோதித்துப் பார்த்து அந்த ஈயத்தின் மேல்தான் முத்திரை குத்துவார். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், அதன் புகை விஷம். அதனால் சூடு காட்டுவதற்கு முன்னால் அதைத் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்று அண்ணன் உளியோடு தயாராக இருந்தார்.

"இதுல ஈயமே இல்லையே தம்பி. யாரோ முன்னாடியே எடுத்துட்டாங்க."

குழி சுத்தமாக இருந்தது. பெட்டியில் இன்னொரு ஒரு கிலோ கல்லும் இருந்தது. அதைக் கவிழ்த்தார். ஈயம் நிறைந்து, முத்திரைகளோடு பத்திரமாக இருந்தது. ஒரு கடைக்கு எதற்கு இரண்டு ஒரு கிலோ கல் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அண்ணன் மருமகளின் சமையலறையிலிருந்து எலெக்ட்ரானிக் தராசு வந்தது. ஈயம் உள்ள கல் 999 கிராம். ஈயம் இல்லாத கல் 955.

அண்ணன் எதுவும் பேசவில்லை. கிரைண்டரைத் துடைக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர்கள் இந்த மாதிரி நேரத்தில் எதையாவது துடைப்பார்கள்.

எனக்கோ ஒரு காட்சி ஞாபகம் வந்தது. எனக்கு ஒன்பது, பத்து வயசு இருக்கும். கடைக்கு முத்திரை ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்தால் அப்பா என்னைப் பார்த்து, "டேய், உள்ளே போய் அந்தக் கல்லைக் கொண்டா" என்பார். சாமி அலமாரிக்குக் கீழே துணியில் சுற்றி வைத்திருக்கும். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடிவருவேன். கடையில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று அவ்வளவு பெருமை. கல்லாவுக்கு மேலே வள்ளுவர் படம் போட்ட காலண்டர் தொங்கும். நடுவு நிலைமை அதிகாரத்தில் அவர் தராசைத்தான் உவமை சொல்கிறார். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளே வாணிகம் பற்றியது. அப்பாவுக்கு இரண்டுமே மனப்பாடம்.

நான் கணக்குப் படித்தவன், சும்மா இருக்க முடியவில்லை. கிலோவுக்கு 45 கிராம் குறை. அந்தக் கல்லில் ஒரு நாளைக்கு இருபது கிலோ நிறுத்திருந்தால் 900 கிராம். வருஷத்தில் 300 நாள் கடை என்றால் 270 கிலோ. அரிசி, பருப்பு, சர்க்கரையில் மளிகைக்காரனுக்கு நூற்றுக்கு நாலு, ஐந்து நின்றாலே பெரிய விஷயம். இந்தக் குழியிலோ உட்கார்ந்த இடத்தில் நாலரை நின்றிருக்கிறது. என் மூன்று வருஷக் காலேஜ் ஃபீஸ் அந்தக் கடையிலிருந்துதான் வந்தது. இந்தக் கணக்கைப் போடக் கற்றுக்கொண்டதே அந்தக் குழியின் தயவில்தான்.

அம்மாவிடம் கல்லைக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"தெரியும்டா."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "கொசுறு கொசுறுன்னு அள்ளி அள்ளிப் போடுவாரே. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைச்சே?"

எங்கள் ஊரில் அப்பாவுக்கு அப்படித்தான் பெயர். தாராளக் கை. நிறுத்து முடித்த பிறகு ஒரு பிடி பொட்டுக்கடலையோ, வெல்லத் துண்டோ, இன்னும் கொஞ்சம் பருப்போ மேலே விழும். பிள்ளைகள் எங்கள் கடையைத் தேடி வருவார்கள். இறந்த அன்றைக்கு வந்தவர்கள்கூட அதைத்தான் சொல்லி அழுதார்கள். தெரியாமல் எடுத்ததில் ஒரு பங்கைத் தெரிகிற மாதிரி திருப்பிக் கொடுத்திருக்கிறார். அது வியாபார தந்திரமா, மனசு உறுத்தியதா? ஒரு பிடி என்பது முப்பது கிராமா, நாற்பதா? யாருக்குப் போட்டார், யாருக்குப் போடவில்லை? இருபது வருஷமாகக் கணக்கு பார்த்துப் பழகியவன் நான். இந்தக் கணக்கு மட்டும் டேலி ஆகவில்லை.

இப்போது அந்தக் கல்லை என்ன செய்வது? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

காயலான் கடையில் போடலாம். அதில் ஒன்றும் தப்பில்லை. பழைய இரும்பை உருக்குவது பூமிக்கு நல்லதுதான், அவ்வளவுக்கு அவ்வளவு மலையைத் தோண்டுவது மிச்சம். என் கல்லும் கோயம்புத்தூர் பக்கம் ஏதாவது ஃபவுண்டரிக்குப் போய், ஒரு பம்புசெட்டின் உறையாகி, யாரோ ஒரு விவசாயிக்குத் தண்ணீர் இறைத்திருக்கும். உருக்கினால் இரும்புக்கு ஞாபகம் போய்விடும். எனக்கு அப்போது வேண்டியிருந்ததும் அதுதான்.

ஆனால் உருக்குவது ஒரு வழி, ஒட்டுவது இன்னொரு வழி. 1942-ல் பாரிஸ் ஜெர்மானியர் கையில் இருந்தது. அதற்கு முந்தைய வருஷத்திலிருந்தே தெருவில் நின்ற வெண்கலச் சிலைகளை இறக்கி, உலோகத்துக்காக உருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில், அந்த வருஷத்தில்தான் பிக்காஸோ ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து ஒரு காளையின் தலையைச் செய்தார். வெளியே கலையெல்லாம் காயலானுக்குப் போகிறது. உள்ளே காயலான் கலையாகிறது. பார்த்தவுடன் காளை தெரியும். அடுத்த நிமிஷமே சீட்டும் ஹேண்டில்பாரும் தெரியும். இதை யாராவது குப்பையிலிருந்து எடுத்து, 'அட, என் சைக்கிளுக்கு ஆகுமே' என்று மாட்டிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்ற அர்த்தத்தில் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். எங்கள் அண்ணன் பிக்காஸோவைக் கேள்விப்பட்டிருக்கிறாரோ என்னவோ, கட்சி ஒன்றுதான். ரெண்டும் தெரியணும்.

சைக்கிள் சீட்டு பாவம், அது யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. கெடுதல் செய்த இரும்பாக இருந்தால்?

மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். சண்டை முடிந்த பிறகும் வீடுகளிலும் புதர்களிலும் புதைத்து வைத்த துப்பாக்கிகள் ஏராளம். 1995-ல் டினிஸ் செங்குலானே என்ற பிஷப் முன்னின்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார். துப்பாக்கியைக் கொண்டு வா, தையல் மெஷினோ சைக்கிளோ மண்வெட்டியோ வாங்கிக்கொண்டு போ. நம்ம ஊர்ப் பேரீச்சம்பழ வியாபாரம்தான். சேர்ந்த ஆயுதங்களைச் சுடமுடியாதபடி வெட்டி, அந்தத் துண்டுகளைச் சிற்பிகளிடம் கொடுத்தார்கள். கெஸ்டர் என்பவர் 2001-ல் அவற்றில் ஒரு நாற்காலி செய்தார். இப்போது அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நாற்காலி என்றாலும் உட்கார யாருக்கும் மனசு வராது. ஏ.கே.47-ன் பாகங்கள் அப்படியப்படியே தெரிகின்றன. கெஸ்டர் அவற்றை ராவி வழவழப்பாக்கிப் பூ மாதிரி ஆக்கியிருக்கலாம். செய்யவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். அந்தத் துப்பாக்கியால் மகனை இழந்த தாய்க்கு நாற்காலி என்ன ஆறுதல்? அழகாக்கிவிட்டால் குற்றம் போய்விடுமா? அப்பாவின் கல்லில் பொம்மை செய்து வைத்துக்கொண்டால், ஊர்க்காரர்களின் 270 கிலோ திரும்பிவிடுமா?

திரும்பாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கலையைக் காட்டிக் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்வது இன்னொரு குறை எடைதான்.

அப்படியானால் எதற்கு? நான் படித்த பாடத்திலேயே இதற்குப் பதில் இருந்தது. ஒரு கடனைப் பேரேட்டில் எழுதிவிட்டால் கடன் தீர்ந்துவிடாது. ஒரு பைசாகூடக் குறையாது. ஆனால் எழுதாமல் விட்டால் அதற்குப் பெயர் மோசடி. எழுதி வைப்பதற்கும் தீர்ப்பதற்கும் நடுவில் எவ்வளவு காலமும் ஆகலாம். எழுதினால்தான் தீர்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது என்பதாவது தெரியும். கெஸ்டரின் நாற்காலி ஒரு பேரேட்டுப் பக்கம். உருக்கியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்த மாதிரி. ராவிப் பூவாக்கியிருந்தால் அதன் மேல் பொய்க் கணக்கு எழுதிய மாதிரி.

அப்பா விஷயத்திலும் என்னால் வேறு மாதிரி யோசிக்க முடியவில்லை. கல்லை உருக்கினால் குற்றத்தோடு அவரும் போய்விடுவார். அந்தக் கல்லைத் தினமும் நூறு தடவை தூக்கி வைத்த கை அவருடையது. அதே கைதான் பொட்டுக்கடலையும் அள்ளிப் போட்டது. திருடர் என்று எழுதினாலும் கணக்கு தப்பு, தர்மவான் என்று எழுதினாலும் தப்பு. நம்மைப் பெற்றவர்களை நாம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் ஆக்கி வைத்துக்கொள்கிறோம். அது நமக்கு வசதி. ரெண்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வது கஷ்டம்.

அண்ணனிடம் கல்லைத் திரும்பக் கொண்டுபோனேன். "எதுவா வேணாலும் செய்யுங்கண்ணே, குழி மட்டும் உள்பக்கமா போகட்டும்" என்று சொல்லத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல வரவில்லை.

வார்ப்பு இரும்பை ஒட்டுவது சாதாரண வேலையில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாதாரண ராடு பிடிக்காது, நிக்கல் ராடு வேண்டும், விலை அதிகம். கல்லை முதலில் பதமாகச் சூடாக்க வேண்டும். ஒட்டி முடித்த பிறகும் அவசரப்பட்டுக் குளிர வைத்தால் விரிசல் விட்டுவிடும். தெருமுனை இஸ்திரி கடையிலிருந்து ஒரு வாளி நிறையச் சாம்பல் வாங்கி வந்து, வேலை முடிந்ததும் அதற்குள் கல்லைப் புதைத்தார். "நாளைக்குச் சாயங்காலம் எடுக்கலாம். அது தானா ஆறட்டும்" என்றார்.

மறுநாள் சாம்பலிலிருந்து ஓர் ஆமை வந்தது. காலுக்கு நாலு போல்ட். தலைக்கு ஒரு பேரிங் குண்டு. ஓடு, அந்த ஒரு கிலோ கல். கவிழ்த்து வைத்து ஒட்டியிருந்தார். குழி வானத்தைப் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஓட்டின் நடுவே இருந்தது.

இதைப் படித்துவிட்டு என்னைப் பெரிய மனுஷன் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் உள்ள முதியோர் இல்லத்துக்கு மாதம் ஒரு 25 கிலோ அரிசி மூட்டை என்று முடிவு செய்தேன். இரண்டு மாதம் அனுப்பினேன். மூன்றாம் மாதம் மறந்துவிட்டேன். நிஜமாகவே மறந்துவிட்டேன். ராத்திரி கட்டுரை எழுத உட்கார்ந்தபோது மேஜை மேலிருந்து ஆமை பார்த்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாக மூட்டைக்குச் சொன்னேன். பெயின்ட் அடித்த ஆமையாக இருந்திருந்தால் அப்படிப் பார்த்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

என் மகள் ஒருநாள், "ஆமை முதுகுல ஏம்ப்பா ஓட்டை?" என்று கேட்டாள். அவளுக்கும் ஒன்பது வயசு. நான் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே வயசு. வாயில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. அப்புறம் உட்கார வைத்துச் சொன்னேன். கொசுறையும் சேர்த்துத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா பாவம்" என்றாள். பிறகு, "வாங்கினவங்களும் பாவம்" என்றாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு பழைய பூட்டோ, அரிவாளோ, பெயர் வெட்டிய பாத்திரமோ இருக்கலாம். பழைய இரும்புக்காரரின் குரல் தெருமுனையில் கேட்கும்போது தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.